கப்பலை இழந்தபின் வ.உ.சிதம்பரனார்

பெரியோர் வரலாறு கூறும் வழக்கம் நம்மிடையே ஒரு குறையோடு வளர்ந்திருக்கிறது. அவர்தம் பிறப்பைச் சொல்கிறோம், அருஞ்செயலைச் சொல்கிறோம், அச்செயலின் உச்சியில் அவரை நிறுத்தி, மாலை சூட்டி, விடைபெற்றுக்கொள்கிறோம். அதன்பின் அவர் எவ்வாறு வாழ்ந்தார், எதை உண்டார், எவர் அவருக்குக் கதவைத் திறந்தார் என்று நாம் கேட்பதில்லை.

வ.உ.சிதம்பரனார் என்றதும் நம் நினைவில் எழுவன இரண்டு: கப்பல் ஒன்று; செக்கு மற்றொன்று. 1908இல் அவர் சிறை புகுந்தபோது அவருக்கு வயது 35. 1912 டிசம்பரில் வெளிவந்தபோது வயது 40. அவர் மறைந்ததோ 1936இல். விடுதலைக்குப்பின் அவர் வாழ்ந்த ஆண்டுகள் ஏறத்தாழ 24. புகழ் சூழ்ந்திருந்த ஆண்டுகளைக் காட்டிலும் இவை மிகப் பல. தொழிலும் பொருளும் சுற்றமும் சிதைந்த நிலையில் மீண்டும் ஒரு வாழ்வைக் கட்டியெழுப்பிய அந்த 24 ஆண்டுகளையே இக்கட்டுரையில் நாம் சிறப்பாக எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

இதனை எண்ணுதற்கு நம் பகுதிக்குத் தனி உரிமையும் உண்டு. கொடுங்கையூரிலிருந்து கூப்பிடு தொலைவில் உள்ளது பெரம்பூர். விடுதலைக்குப்பின் சென்னையில் தங்கிய சிதம்பரனார் குடியிருந்த இடங்களுள் அதுவும் ஒன்று. அவர் பெயர் தாங்கிய நகர் ஒன்றும் வடசென்னையில் உண்டு. துறைமுகம் நோக்கிச் செல்லும் கன்டெய்னர் லாரிகளை நாள்தோறும் பார்த்து வளர்பவர்கள் நம் மாணவர்கள். கடலையும் கப்பலையும் ஆலைச் சங்கொலியையும் அறிந்த ஊர்களே நம்மைச் சூழ்ந்துள்ளன. 1996இல் பின்னி ஆலை மூடப்பட்டபோது ஒரே நாளில் பிழைப்பை இழந்து நின்ற குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நம் வகுப்புகளில் அமர்ந்திருக்கக் கூடும். ஆதலின் இழந்தபின் வாழ்வது எவ்வாறு என்னும் வினா நமக்கு ஏட்டு வினா அன்று; வீட்டு வினா.

எழுச்சி

திருநெல்வேலிச் சீமையின் ஒட்டப்பிடாரத்தில் 1872 செப்டம்பர் 5ஆம் நாள் உலகநாத பிள்ளைக்கும் பரமாயி அம்மையாருக்கும் மகனாகத் தோன்றியவர் சிதம்பரனார். தந்தையார் வழக்கறிஞர். மகனும் அத்தொழிலையே மேற்கொண்டார். முதலில் ஒட்டப்பிடாரத்திலும் பின்னர்த் தூத்துக்குடியிலும் வழக்காடினார். ஏழை எளியவர்க்காக வாதாடுபவர் என்ற நற்பெயர் அவரைத் தேடி வந்தது.

அக்காலத்தில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஆங்கிலேயரின் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி கோலோச்சியது. சரக்கும் பயணிகளும் அதன் கப்பல்களையே நம்பியிருக்க வேண்டிய நிலை. வங்கப் பிரிவினையை ஒட்டி எழுந்த சுதேசி உணர்ச்சி தெற்கே பரவியபோது, அதனை மேடைப்பேச்சோடு நிறுத்தாமல் கடலில் செலுத்திக் காட்ட எண்ணினார் சிதம்பரனார். 1906 அக்டோபர் 16ஆம் நாள் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவு செய்யப்பெற்றது. மூலதனம் ரூ.10 இலட்சம், பங்கு ஒன்றுக்கு ரூ.25, பங்குகள் 40,000. பாலவநத்தம் ஜமீன்தாரும் மதுரைத் தமிழ்ச்சங்கம் கண்டவருமான பாண்டித்துரைத் தேவர் தலைவரானார்.

இங்கே ஒரு பெயரை நாம் நன்றியோடு குறிப்பிடுதல் கடன். ஜனாப் ஹாஜி முகம்மது பக்கீர் சேட் அவர்கள் 8,000 பங்குகளை வாங்கி ரூ.2 இலட்சம் வழங்கினார். மொத்த மூலதனத்தில் ஐந்தில் ஒரு பங்கு அது. அன்றைய ரூபாயின் மதிப்பை எண்ணிப் பார்த்தால் அக்கொடையின் பெருமை விளங்கும். சங்கத்தின் செயலாளராகவும் அவர் விளங்கினார். சிதம்பரனார் துணைச் செயலாளர். கடல் வணிகத்தில் தலைமுறை தலைமுறையாகத் தோய்ந்த முஸ்லிம் வணிகர் ஒருவரும், சைவ மரபில் வந்த வழக்கறிஞர் ஒருவரும், தமிழ் வளர்த்த ஜமீன்தார் ஒருவரும் ஒரே கலத்தில் கால் வைத்த காட்சி அது. சமய நல்லிணக்கம் பற்றி நாம் ஆயிரம் பேசலாம். அது தொழிலில் கைகோத்து நின்றபோது எத்தகையதாக இருந்தது என்பதற்கு இஃதொரு சான்று.

தொடக்கத்தில் வாடகைக் கப்பலைக் கொண்டே தொழில் நடந்தது. போட்டியாளரின் நெருக்குதலால் அதுவும் நின்றபோது, சொந்தக் கப்பலே வேண்டும் என்று சிதம்பரனார் உறுதி பூண்டார். 1907இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் தூத்துக்குடி வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 1,300 சாதாரணப் பயணிகளும் 4,000 மூட்டைச் சரக்கும் செல்ல இடமிருந்தது. ஆங்கிலக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. பின்னர்க் கட்டணமே இன்றி ஏற்றிச் செல்லவும் முன்வந்தது. குடை கொடுத்தும் பயணிகளை அழைத்தது என்பர்.

1908 பிப்ரவரி இறுதியில் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். ஊதிய உயர்வும் வார விடுமுறையும் வேலை நேரக் குறைப்பும் அவர்தம் கோரிக்கைகள். சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் தலைமை தாங்கினர். மார்ச் முதல் வாரத்தில் தொழிலாளர் வென்றனர். சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918இல்தான் தோன்றியது என்பதை நோக்கும்போது, இவ்வெற்றி காலத்தால் எவ்வளவு முந்தியது என்பது புலனாகும்.

வீழ்ச்சி

உயர்ந்த வேகத்தைவிட விழுந்த வேகம் பெரிது. 1908 மார்ச் 12ஆம் நாள் சிதம்பரனார் கைது செய்யப்பட்டார். மறுநாள் திருநெல்வேலியில் மக்கள் கொதித்தெழுந்தனர். துப்பாக்கிச் சூட்டில் நால்வர் உயிரிழந்தனர். ஜூலை 7ஆம் நாள் நீதிபதி பின்ஹே தீர்ப்புக் கூறினார். அரசுக்கு எதிராகப் பேசியதற்கு 20 ஆண்டு, சிவாவுக்கு இடமளித்துத் துணைபோனதற்கு 20 ஆண்டு, ஆக 40 ஆண்டு நாடுகடத்தல் தண்டனை. தீர்ப்பைக் கேட்ட தம்பி மீனாட்சிசுந்தரம் சித்தம் கலங்கினார். அக்கலக்கம் பின்னர்த் தெளியவே இல்லை.

மேல்முறையீட்டில் தண்டனை வெகுவாகக் குறைந்தது. எனினும் ஏறத்தாழ நாலே முக்கால் ஆண்டுகள் சிறையிலே கழிந்தன. அந்தமான் செல்லவில்லை, கோயம்புத்தூரும் கண்ணனூரும் அவருக்குச் சிறைக்கூடங்களாயின. சணல் கிழிக்கும் எந்திரத்தைச் சுற்றியதில் உள்ளங்கைத் தோல் உரிந்தது. மாடு இழுக்க வேண்டிய செக்கை வெயிலில் இழுக்க வைத்தனர்.

வெளியே நிலைமை இதனினும் கொடிது. கப்பலை நடத்தியவர் சிறையில். நிர்வாகிகளிடையே அச்சமும் கருத்து வேற்றுமையும். 1911இல் சுதேசி நாவாய்ச் சங்கம் கலைக்கப்பட்டது. கப்பல்கள் கைமாறின. பங்கு வாங்கியோர் பணம் கடலில் கரைந்த உப்பாயிற்று. தண்டனை பெற்றமையால் வழக்கறிஞர் உரிமையும் பறிபோயிற்று. ஒரு மனிதனின் தொழில், செல்வம், குடும்பம், உடல்நலம் ஆகிய நான்கும் நான்கே ஆண்டுகளில் சாய்ந்தன.

1912 டிசம்பரில் கண்ணனூர்ச் சிறையின் கதவு திறந்தது. 1908இல் அவர் பேச்சைக் கேட்க ஆயிரக்கணக்கில் திரண்ட மக்கள் அங்கு இல்லை. குடும்பத்தாரும், சிறையில் தொழுநோய்க்கு ஆளாகி முன்னரே விடுதலை பெற்றிருந்த சுப்பிரமணிய சிவாவும், வேறு சிலருமே வாயிலில் நின்றனர். மக்கள் நன்றி மறந்தவர்கள் என்று எளிதில் கூறிவிடலாகாது. அடக்குமுறை அவர்களை அவ்வளவு அச்சுறுத்தியிருந்தது. எனினும் அவ்வெறிச்சோடிய வாயிலை நாம் மறத்தலும் ஆகாது.

சிறைக்குள் ஒரு பள்ளி

சிதம்பரனார் மீண்டெழுந்தது விடுதலைக்குப் பின்னர் என்று நாம் எண்ணுவோமாயின் அது பிழை. மீட்சியின் முதல் அடியைச் சிறைக்குள்ளேயே அவர் எடுத்து வைத்தார். கை செக்கில் இருந்த காலத்தில் கருத்து நூலில் இருந்தது. ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கில எழுத்தாளரின் சிறு நூலொன்றை அவர் தமிழாக்கினார். மனம் போல வாழ்வு என்னும் அந்நூல், அவர் சிறையில் இருந்தபோதே 1909இல் வெளிவந்தது. மனத்தில் விதைக்கும் எண்ணமே வாழ்வாக விளைகிறது என்பது அதன் சாரம்.

இதில் வியப்பு ஒன்று உண்டு. தம் எண்ணத்தால் அன்று, அந்நிய ஆட்சியின் ஆணையால் துன்புற்றவர் அவர். அத்தகையவர் எண்ணமே வாழ்வு என்று கூறும் நூலைத் தேர்ந்தது ஏன்? நடந்தவற்றுக்கெல்லாம் தம்மையே குற்றவாளி ஆக்கிக்கொள்வதற்கு அன்று என்றே நாம் கருதுகிறோம். சிறையில் உடல் பிறர் வசம். உணவும் உறக்கமும் பிறர் வசம். தம் வசம் எஞ்சியிருந்தது மனம் ஒன்றே. எஞ்சியதைக் கணக்கெடுத்து அதனை முதலாக இட்டுத் தொழில் தொடங்கினார் அந்தக் கப்பல் வணிகர்.

உடனிருந்த கைதிகளுக்கு அவர் அறநூல்களைக் கற்பித்தார். மெய்யறம், மெய்யறிவு என்னும் நூல்கள் அச்சிறை வாழ்வின் பயன்கள். தொல்காப்பியத்தை அவர் ஊன்றிப் பயின்றதும் சிறையிலேதான். எழுத்து, சொல், பொருள் என விரியும் அவ்விலக்கணப் பெருநூலை வகுப்பறையின் குளிர்நிழலில் பயில்வதற்கே நாம் தயங்குகிறோம். அவரோ கைதியின் உடையில் அமர்ந்து அதனைப் பயின்றார். அன்று அப்படிப்பினால் ஒரு காசு வரும் என்றோ, ஒரு பட்டம் கிடைக்கும் என்றோ அவர் எண்ணியிருக்க வழியில்லை. ஆயினும் பிற்காலத்தில் அவர் வாழ்வுக்குப் பொருள் தந்தது அப்படிப்பே.

பெரம்பூர் நாட்கள்

விடுதலைக்குப்பின் அவர் சென்னைக்கு வந்தார். சிந்தாதிரிப்பேட்டை, மயிலாப்பூர், பெரம்பூர் எனக் குடியிருப்பு மாறிக்கொண்டே இருந்தது. வழக்காட உரிமை இல்லை. மனைவி மீனாட்சி அம்மையாரும் பிள்ளைகளும் அவரை நம்பியிருந்தனர். கப்பல் வாங்குவதற்கு இலட்சங்களைத் திரட்டிய அதே கை அரிசியும் நெய்யும் விற்றது. அவ்வணிகங்களும் நிலைத்த வருவாய் தரவில்லை.

இவ்விடத்தில் மீனாட்சி அம்மையாரை எண்ணாமல் மேலே செல்லுதல் முறையன்று. கணவர் சிறையில் இருந்த காலமெல்லாம் பிள்ளைகளைக் காத்தவர் அவர். மேல்முறையீட்டுக்கு அலைந்தவரும் அவர். வறுமை வந்தபோது அதனை முதலில் சந்திப்பது அடுப்படி அன்றோ? ஆண்மக்களின் வீரவரலாறுகளில் அடுப்படியின் வரலாறு எழுதப்படுவதில்லை.

இந்நாட்களில் உதவிக்கரம் கடல் கடந்து வந்தது. தென்னாப்பிரிக்காவில் உழைத்துப் பிழைத்த தமிழர்கள் சிதம்பரனாருக்கென்று பணம் திரட்டிக் காந்தியடிகளிடம் அளித்திருந்தனர். அடிகள் 1915இல் தாயகம் திரும்பிச் சென்னைக்கு வந்தபோது இருவரும் சந்தித்தனர். அப்பணம் குறித்து இருவருக்கும் இடையே பல கடிதங்கள் சென்றன. கொடுத்தவர் யார், தொகை எவ்வளவு என்பதை அறிய மாதங்கள் ஓடின. 1916 தொடக்கத்தில் 347 ரூபாய் 12 அணா வந்து சேர்ந்தது. ஆய்வறிஞர் ஆ.இரா.வேங்கடாசலபதி இக்கடிதங்களைத் தேடித் தொகுத்து உலகறியச் செய்துள்ளார்.

அக்கடிதங்களில் நம் நெஞ்சைத் தொடுவது ஒன்றுண்டு. சிதம்பரனார் தம் தேவையை மறைக்கவில்லை. தமக்கும் குடும்பத்துக்கும் அப்பொருள் வேண்டும் என்பதைக் கூச்சமின்றி, அதே வேளையில் கண்ணியம் குறையாமல் தெரிவித்தார். உதவி கேட்பது இழிவு என்று கருதி உள்ளுக்குள்ளே உடைந்துபோவோர் நம்மிடையே பலர். உரிய இடத்தில் உரிய முறையில் கேட்பதும் ஒரு துணிவே என்பதை அவர் செயல் உணர்த்துகிறது.

பெரம்பூர் அந்நாளில் ஆலைத் தொழிலாளரின் ஊர். 1918இல் பி.பி.வாடியா, திரு.வி.க. முதலியோர் முயற்சியால் சென்னைத் தொழிலாளர் சங்கம் அமைந்தபோது அதன் களமாக இருந்தவர்கள் பின்னி ஆலையினரே. தூத்துக்குடியில் பத்தாண்டுக்கு முன்னரே ஆலைத் தொழிலாளருக்காகப் போராடியவர், சென்னைத் தொழிலாளரிடையேயும் உரையாற்றினார். தம் அடுப்பு எரியுமா என்னும் ஐயத்தோடு வாழ்ந்தவர் பிறர் அடுப்புக்காகப் பேசினார் என்பதே இதன் பெருமை.

ஏட்டுச்சுவடிப் பணி

இத்தனை இடர்களுக்கு இடையிலும் அச்சகத்துக்குப் படிகள் சென்றுகொண்டே இருந்தன. 1914இல் மெய்யறமும் ஆலனின் மற்றொரு நூலுக்குத் தமிழாக்கமான அகமே புறமும் வெளிவந்தன. 1915இல் மெய்யறிவும் பாடல் திரட்டும், 1916இல் வலிமைக்கு மார்க்கமும் தொடர்ந்தன. 1917இல் திருக்குறள் அறத்துப்பாலுக்கு மணக்குடவர் எழுதிய பழைய உரையைப் பதிப்பித்தார். அதே ஆண்டில் இன்னிலை என்னும் நூலுக்குத் தாமே உரை வரைந்து வெளியிட்டார்.

இன்னிலை வரலாறு நமக்கு மற்றொரு பாடம். பதினெண்கீழ்க்கணக்கைச் சேர்ந்தது என்று அவர் நம்பிய அந்நூல், பிற்கால ஆய்வில் பழைய நூல் அன்று என்று தள்ளப்பட்டது. கொடுத்தவரை நம்பி ஏமாந்தார் சிதம்பரனார். கப்பலில் மட்டுமன்று, கல்வியிலும் அவருக்குச் சறுக்கல் நேர்ந்தது. எனினும் பதிப்புப் பணியை அவர் கைவிடவில்லை.

அவர் செய்த பதிப்புகளுள் தலையாயது தொல்காப்பிய இளம்பூரணம். தொல்காப்பியத்துக்கு இன்று கிடைக்கும் உரைகளுள் காலத்தால் முந்தியது இளம்பூரணர் உரை. உரையாசிரியர் என்று சொன்னாலே அவரைக் குறிக்கும் அளவுக்குச் சிறப்புற்றவர். எளிய நடையும் தெளிந்த விளக்கமும் அவ்வுரையின் இயல்புகள். அதனைச் செம்மையாக அச்சேற்ற வேண்டும் என்பது சிதம்பரனாரின் வேட்கை.

சுவடி பார்த்துப் பதிப்பிக்கும் பணி எத்தகையது என்பதை நம் மாணவர்கள் அறிதல் வேண்டும். பழைய ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறுபாடின்றி எழுதப்பட்டிருக்கும். காலும் ரகரமும் ஒன்றுபோல் தோன்றும். சொற்களுக்கிடையே இடைவெளி காணப்படாது. பூச்சி அரித்த இடத்தில் எழுத்தே மறைந்திருக்கும். படியெடுத்தவன் கண் ஒரு வரியிலிருந்து மறுவரிக்குத் தாவியிருந்தால் இடையிலுள்ள பகுதி முழுதும் விடுபட்டுப் போகும். ஒரு சுவடியை மற்றொன்றோடு ஒப்பிட்டு, இலக்கணம் கொண்டும் இடம் நோக்கியும் பாடத்தைத் துணிதல் வேண்டும். ஒரு பக்கம் தெளிவதற்கு நாட்கள் பல செல்லும்.

எழுத்ததிகார இளம்பூரண உரை 1928இல் அவர் பதிப்பாக வெளிவந்தது. பொருளதிகாரப் பணியில் பேராசிரியர் எஸ்.வையாபுரிப் பிள்ளை அவருக்குத் துணை நின்றார். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராக அந்நாளில் விளங்கியவர் வையாபுரிப் பிள்ளை. கல்லூரிப் பதவியோ பல்கலைக்கழக ஊதியமோ இல்லாத முன்னாள் கைதி ஒருவரின் உழைப்பைத் தம் உழைப்புக்கு நிகராக மதித்த அவர் பண்பை ஆசிரியர்களாகிய நாம் போற்றுதல் தகும். 1930களில் பொருளதிகாரப் பகுதிகள் ஒவ்வொன்றாக அச்சேறின.

சிதைந்த ஏட்டை ஒக்கிடும் இப்பணிக்கும் சிதைந்த வாழ்வைச் சீர்செய்யும் பணிக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டிலும் போனதை முழுதும் மீட்க இயலாது. எஞ்சியதைக் கொண்டு பொருள் காணுதலே இயலும். பொறுமை ஒன்றே இரண்டுக்கும் கருவி.

மீண்டும் நீதிமன்றம்

1920இல் சிதம்பரனார் சென்னையை விட்டுக் கோவைக்குச் சென்று அங்குச் சில ஆண்டுகள் வாழ்ந்தார். ஒத்துழையாமைத் திட்டத்தில் அவருக்கு உடன்பாடில்லை, காங்கிரசிலிருந்து விலகினார். பின்னர் மீண்டும் சேர்ந்து, 1927இல் சேலத்தில் கூடிய அரசியல் மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். ஆயினும் முன்னைய செல்வாக்கு அவருக்கு அரசியலில் திரும்பவில்லை.

தொழிலில் ஒரு கதவு திறந்தது. முன்னர்த் திருநெல்வேலியில் அவரை அறிந்திருந்த வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதி முயன்று அவருக்கு வழக்கறிஞர் உரிமையை மீட்டுத் தந்தார். ஆங்கில ஆட்சி பறித்ததை ஆங்கிலேயர் ஒருவரே திரும்பப் பெற்றுத் தந்தார். அந்நன்றியைச் சிதம்பரனார் காட்டிய விதம் தனிச்சிறப்புடையது. தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். ஆட்சியை எதிர்த்தவர் அந்த இனத்தை வெறுக்கவில்லை. தமக்கு இழைக்கப்பட்ட கொடுமை தம் நெஞ்சைக் கசப்பால் நிரப்பிவிட அவர் இடங்கொடுக்கவில்லை. வீழ்ந்தவர் எழ முடியாமைக்குப் பகைவரின் வன்மையைக் காட்டிலும் தம்முள் தேக்கிய கசப்பே பல வேளைகளில் காரணமாகிறது என்பதை நாம் கண்டிருக்கிறோம்.

1924 முதல் கோவில்பட்டியிலும், 1932 முதல் தூத்துக்குடியிலும் வாழ்ந்து வழக்காடினார். எனினும் 15 ஆண்டுக் காலம் அறுந்துபோன தொழில் முன்போல் செழிக்கவில்லை. கடன் அவரை விட்டு நீங்கவில்லை. இதனை மறைத்து, இறுதியில் எல்லாம் இனிதே முடிந்தது என்று எழுதுவது நேர்மையாகாது. தம் இறுதிக் காலத்தில் எழுதிய உயிலில், கடைகளுக்குத் தாம் தரவேண்டியிருந்த கடன்களையும் குறித்து வைத்தார். கொடுக்க இயலாத நிலையிலும் கொடுக்க வேண்டியதை மறவாத நேர்மை அது. வறுமை அவருடைய பணப்பையைத் தொட்டது, நாணயத்தைத் தொடவில்லை.

ஆனால் எழுதுகோல் ஓயவில்லை. 1934இல் சாந்திக்கு மார்க்கமும், 1935இல் சிவஞான போதத்துக்கு அவர் எழுதிய உரையும் வெளிவந்தன. 63ஆம் வயதில், நோயும் கடனும் சூழ்ந்த நிலையில் செய்த பணிகள் இவை. 1936 நவம்பர் 18ஆம் நாள் தூத்துக்குடியில் அவர் உயிர் பிரிந்தது.

நாடு விடுதலை பெற்றபின் அவர் பெயர் உரிய உயரத்தை அடைந்தது. 1961இல் சிவாஜி கணேசன் நடிப்பில் கப்பலோட்டிய தமிழன் திரைப்படம் வெளிவந்தது. பிறந்து நூறாண்டு நிறைந்த 1972இல் இந்திய அஞ்சல் துறை அவர் உருவம் பொறித்த தலை வெளியிட்டது. 2011இல் தூத்துக்குடித் துறைமுகம் அவர் பெயரைத் தாங்கியது. உரியவர் காணாத மரியாதைகள் இவை.

நாம் கொள்ள வேண்டுவன

தோல்வியே வெற்றிக்குப் படிக்கட்டு என்று சொல்லும் நூல்கள் இன்று கடைகளில் குவிந்துள்ளன. சிதம்பரனார் வரலாறு அவ்வளவு எளிய செய்தியைத் தரவில்லை. அவர் இழந்த கப்பல் திரும்ப வரவில்லை. இழந்த செல்வமும் வரவில்லை. தம்பியின் தெளிந்த அறிவும் வரவில்லை. மீட்சி என்பது இழந்ததைத் திரும்பப் பெறுதல் என்றால் அவர் மீளவில்லை என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் கப்பலுக்குள் அவர் செலுத்திய ஆற்றல் அழியவில்லை. தமிழர்க்குச் சொந்தமான ஒன்றைத் தமிழர் கையில் ஒப்படைக்க வேண்டும் என்பதே அவர் வேட்கை. கடலில் அதற்கு வழியடைத்தபோது ஏட்டில் அதற்கு வழி கண்டார். காலியாவும் லாவோவும் கடலில் ஓடியவை சில ஆண்டுகளே. இளம்பூரணப் பதிப்போ இன்றும் தமிழ்த்துறை மாணவர்க்குப் பயன்படுகிறது. கலம் மாறிற்று, நோக்கம் மாறவில்லை.

மாணவச் செல்வங்களுக்கு நாம் கூற விழைவது இது. ஒரு தேர்வில் தவறியவுடன், ஒரு நேர்முகத்தில் மறுக்கப்பட்டவுடன், வாழ்வே முடிந்தது என்று முகம் கவிழ வேண்டா. போனது எது, எஞ்சியது எது என்று இருபக்கக் கணக்கு எழுதுங்கள். எஞ்சியது ஒரு நூலை ஊன்றிப் படிக்கும் பொழுதாக இருப்பினும் அதுவே முதல். தேவை நேரும்போது நம்பத்தக்கவரிடம் வாய்திறந்து கேளுங்கள். கப்பலோட்டியவரே கேட்டார், நாம் கேட்பதில் என்ன குறை?

ஆசிரியர்க்கும் சமுதாயப் பெரியோர்க்கும் கூறுவது வேறு. சிதம்பரனார் தம் மனவலிமையால் மட்டுமே எழுந்தார் என்று சொன்னால், வீழ்ந்தவர் எழாமைக்கு அவரே பொறுப்பு என்று கைகழுவிவிடுவது எளிதாகிவிடும். உண்மை அதுவன்று. அவர் எழுந்தபோதெல்லாம் எவரேனும் ஒருவர் கை நீட்டியிருந்தார். அடுப்பைக் காத்த மீனாட்சி அம்மையார், கடல் கடந்து காசு திரட்டிய தொழிலாளர், உரிமையை மீட்ட வாலஸ், சுவடியோடு உடன் அமர்ந்த வையாபுரிப் பிள்ளை ஆகியோர் இல்லையேல் இவ்வரலாறு 1912இலேயே முடிந்திருக்கும். கைகள் இன்னும் சில நீண்டிருந்தால் அவர் உயிலில் கடைக்கடன்கள் இடம் பெற்றிரா.

நம் தெருவிலும் வேலை இழந்தவர், வணிகம் நொடித்தவர், சிறை மீண்டவர், படிப்பை இடையில் விட்டவர் இருக்கின்றனர். அவர்கள் உச்சியில் இருந்தபோது அவர்தம் வீட்டு விருந்துக்குச் சென்றோம். இன்று அவர்கள் வாயிலில் நிற்போர் எத்தனை பேர்? சிதம்பரனாருக்கு நாம் செலுத்தும் உண்மையான காணிக்கை அவ்வாயிலில் நாமும் ஒருவராக நிற்பதே ஆகும்.